உக்குலேலேயின் நான்கு முறுக்காணிகள்

சென்ற மாசி மாதத்து இரவொன்றில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "தாத்தா, தந்தி நிக்குதில்லை. ஆணி நாலையும் கழட்டிப்போட்டு, பல்லுச்சக்கரம் வச்ச ஆணி போடச் சொல்லுகினம். துளையைப் பெருப்பிக்க வேணுமாம். செய்யட்டோ?" என்று கேட்டாள் என் நண்பரின் பேர்த்தி.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. "இரண்டு நாள் பொறு பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கையிலுள்ள அந்த உக்குலேலே, நான் இளம் நிருபனாக இருந்த நாள்களில் எமது பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரிந்த அச்சுக்கோப்பாளர் ஒருவருடையது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய தந்தையார் அதனை மாலுமி ஒருவரிடம் வாங்கினாராம். இரவுப் பணி முடிந்து, ஈயம் கறுப்பாக்கிய விரல்களைத் துடைத்துக்கொண்டு நண்பர் அதை மீட்டுவார். 1983 யூலையில் அவருடைய வெள்ளவத்தை வீடு எரிந்தது. அலுவலக அலுமாரியில் இருந்தமையால் உக்குலேலே மட்டும் தப்பியது. யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறும் முன்னர், "நீர் வைத்திரும்" என்று என்னிடம் தந்துவிட்டுச் சென்றார். பின்னர் அவர் கனடா சேர்ந்தார், அங்கேயே காலமானார். சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பு வந்த பேர்த்தியிடம் உரிய பொருளை ஒப்படைத்தேன். ஆகவே, அதில் துளையிடுவதா இல்லையா என்பது எனக்கு வெறும் கருவிப் பிரச்சினை அன்று.

அந்த இரண்டு நாள்களும், நான்கு தந்திகளைக் கொண்ட இச்சிறு வாத்தியம் எவ்வாறு தோன்றியது என்பதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

உக்குலேலே ஹவாய்த் தீவுகளுக்கே உரியது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அதன் மூலமோ போர்த்துக்கேயரின் மதெய்ரா தீவு. 1879 ஆகஸ்ட் 23ஆம் நாள் 'ரேவன்ஸ்கிறாக்' என்னும் கப்பல், நான்கு மாதப் பயணத்தின் பின் ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்கென்று 400க்கும் மேற்பட்ட மதெய்ரா மக்கள் அதில் வந்தனர். அதே 1879இல், மே 14ஆம் நாள், 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முறையாகப் பிஜித்தீவில் இறக்கியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1903 முதல் நம் தென்னாட்டவரும் அவ்வழியே சென்றனர். பசிபிக் சமுத்திரத்தின் இரு மூலைகளிலும் கரும்பே மனிதரை இழுத்தது.

ரேவன்ஸ்கிறாக்கில் வந்தவர்களுள் மரவேலை தெரிந்த மூவர் இருந்தனர்: மனுவெல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜொசே டோ எஸ்பிரித்து சாந்தோ. மதெய்ராவில் 'மஷெத்தே' என வழங்கிய சிறு நான்கு தந்தி வாத்தியம் அம்மக்களோடு வந்திருந்தது. அவர்கள் கரையிறங்கிச் சில நாள்களுக்குள், இரவுதோறும் தெருவில் கச்சேரி செய்கின்றனர் என்று ஹொனலுலுப் பத்திரிகையொன்று செய்தி வெளியிட்டது. 1880களின் நடுப்பகுதியளவில் அம்மூவரும் நகரில் பட்டறை அமைத்து, ஹவாயின் கோவா மரத்தில் இவ்வாத்தியத்தைச் செய்யலாயினர். மஷெத்தேயின் உருவும், 'ரஜாவ்' என்னும் மற்றொரு மதெய்ரா வாத்தியத்தின் சுருதியும் இணைந்து உக்குலேலே பிறந்தது என்பர். தெள்ளு துள்ளுவது போல் விரல்கள் பாய்வதால் இப்பெயர் வந்தது என்பது பரவலான கதை. ஹவாயின் இறுதி அரசி லிலியுவொகலானியோ, இங்கு வந்து சேர்ந்த கொடை என்று அதற்குப் பொருள் உரைத்தார்.

அரசியின் பொருள் எனக்கு உவப்பானது. அவருடைய தமையனார் கலாகவுவா மன்னர் இவ்வாத்தியத்தை அரண்மனைக்கு அழைத்தார். ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக்கினார். கூலிகளாக வந்தோரின் இசைக்கருவி ஒரு தலைமுறைக்குள் நாட்டின் அடையாளமாயிற்று. ஆனால் 1893 சனவரி 17இல் அரசி பதவி நீக்கப்பட்டார். 1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அரசு போயிற்று; வாத்தியம் நின்றது.

இனி முறுக்காணிக்கு வருவோம். நம் வீணையில் இதனைப் பிரடை என்கிறோம். பழைய யாழில் நரம்பை வலிக்கும் உறுப்பினை மாடகம் என்றனர். விபுலானந்த அடிகளாரின் யாழ் நூலைப் புரட்டியவர்கள் இச்சொல்லை அறிந்திருப்பர். தொடக்ககால உக்குலேலேயில் இருந்தவையும் இத்தகைய மர ஆணிகளே. நுனி நோக்கிச் சிறுத்த ஆணி, அதே அளவாய்ச் சிறுத்த துளையில் இறுகி நிற்கும். அதனைப் பிடித்து வைப்பது உராய்வு ஒன்றே. வயலின் ஆணியெனில் 30 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றர் சிறுக்கும். ஆணியும் துளையும் இக்கணக்கில் பொருந்தாவிடில் தந்தி நில்லாது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் கண்காட்சி உக்குலேலேயை அமெரிக்கப் பெருநிலத்துக்கு அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே புகழ்பெற்ற மார்ட்டின் கிற்றார் நிறுவனம் அதனை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியது. மலிவான போலிகளும் பெருகின. அவற்றைத் தடுக்க ஹொனலுலு வணிகர் 'தபு' என்னும் முத்திரையைத் தம் வாத்தியங்களில் பொறித்தனர். விலக்கப்பட்டது என்பது அதன் பொருள். 1920களில் மர ஆணியின் இடத்தை உலோக உராய்வு ஆணிகள் பிடிக்கலாயின. இவற்றின் பிடியில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதை முறுக்கினால் உராய்வு கூடும். மர ஆணியைப் போலவே, பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டும் ஒரு சுற்றே சுற்றும். பற்சக்கர ஆணியிலோ தண்டு ஒரு முறை சுழலப் பிடியைப் பத்துக்கும் மேற்பட்ட தடவை சுற்றவேண்டும். சுருதி சேர்ப்பது எளிது. எனினும் அவற்றின் பாரம் சிறிய வாத்தியத்தின் தலையைக் கீழே இழுக்கும். பிடிகள் இருபுறமும் காதுகள்போல் நீட்டி நிற்கும். பற்சக்கரங்களைத் தண்டினுள்ளேயே மறைத்து, நான்கு சுற்றுக்கு ஒரு சுற்றாக இயங்கும் ஆணிகளும் இன்று கிடைக்கின்றன. தோற்றம் பழையது, வேலை புதியது, விலையும் அதிகம்.

புதிதாக வாங்கிய உக்குலேலேயாயின் இவற்றுள் எதையும் தெரிந்தெடுக்கலாம். தலைப்பகுதியின் தடிப்பையும் துளையின் விட்டத்தையும் அளந்த பின்னரே வாங்கவேண்டும் என்பதுதான் விதி. ஆனால் பழைய வாத்தியத்தில் ஒரு வேறுபாடு உண்டு. ஆணியை மாற்றலாம், மீட்டும் பழையதைச் செருகலாம். பெருப்பித்த துளையைப் பழைய துளையாக்க முடியாது.

மூன்றாம் நாள் அவளை அழைத்தேன். தந்திகள் புதியனவா என்று முதலில் கேட்டேன். புதியன என்றாள். புதிய நைலோன் தந்தி சில நாள்கள் நீண்டுகொண்டேயிருக்கும்; அது ஆணியின் குற்றம் அன்று. அடுத்து, வீட்டின் ஈரப்பதன் எவ்வளவு என்று கேட்டேன். கொழும்பின் ஈரக்காற்றில் மரம் பருத்து ஆணி இறுகும். கடுங்குளிர் காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் வரண்ட காற்றிலே மரம் சுருங்கி ஆணி வழுக்கும். கருவியைப் பெட்டியில் வைத்து, ஈரப்பதன் 50 சதவீதத்தையொட்டி நிற்கச் செய்யும்படியும், ஆணிகளைத் துடைத்து வயலின்காரர் பூசும் ஆணிப்பசையைச் சிறிது பூசும்படியும் சொன்னேன். சுற்றும்போது ஆணியை மெல்ல உள்நோக்கி அழுத்தவும் சொன்னேன். அவளுடைய அப்பப்பா அப்படித்தான் செய்வார். அதைக் காண அவளுக்கு வாய்க்கவில்லை.

இரு கிழமைகளின் பின் மூன்று ஆணிகள் நின்றுவிட்டன. நான்காவதில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. வயலின் திருத்துபவர் ஒருவர், பழைய துளையைத் தொடாமல், அதற்கேற்பக் கருங்காலியில் ஓர் ஆணியைக் கடைந்து கொடுத்தார்.

"மற்ற மூண்டும் மண்ணிறம், இது கறுப்பு. வடிவில்லை, என்ன தாத்தா?" என்றாள்.

"இருக்கட்டும் பிள்ளை. வெடிச்ச ஆணியை எறிஞ்சுபோடாதை" என்றேன்.

அதைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். பின்னர் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வாசித்துக் காட்டினாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது நான் அவ்வொலியை அவ்வாறு கேட்டு. இடையில் ஒரு தந்தி சற்று இறங்கியது. அவள் நிறுத்தி, முறுக்கி, மீண்டும் தொடங்கினாள்.