வானிலை மையத்துக்கு உறவான கல்

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கிலப் பெயரில் 'மீட்டியர்' ஒளிந்திருக்கிறது. புயல் சொல்கிற இடத்துக்கும் எரிகல்லுக்கும் என்ன உறவு? எல்லாம் அரிஸ்டாட்டில் செய்த வேலை. கிரேக்கத்தில் 'மெடியோரோன்' என்றால் உயரத்தில் இருப்பது. மழை, காற்று, ஆலங்கட்டி, எரிநட்சத்திரம் எல்லாவற்றையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். கல் அதிலிருந்து உருண்டு வெளியே வர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதுவரை கல் சும்மா இருக்கவில்லை. எகிப்தில் சுமார் கி.மு. 3200இலேயே விண்ணிரும்பைத் தகடாகத் தட்டி, சுருட்டி, மணி கோத்திருக்கிறார்கள். 1492 நவம்பரில் அல்சேஸின் என்சிஸ்ஹைம் ஊரில் கோதுமை வயலில் 127 கிலோ கல் ஒன்று விழுந்தது. அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மன்னர் மாக்சிமிலியன் தனக்கும் துண்டு எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தைக் கோயிலில் வைக்கச் சொன்னார்! இன்று பாதிகூட மீதமில்லை.

1621 ஏப்ரலில் ஜலந்தர் பக்கம் விழுந்த இரும்பு, ஜஹாங்கீரின் தர்பாருக்குப் போனது. எடை 160 தோலா. உஸ்தாத் தாவூத் சுத்தியலால் அடித்தார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூன்று பங்கு விண்ணிரும்பு, ஒரு பங்கு சாதா இரும்பு என்று கலந்து இரண்டு வாள், ஒரு கத்தி, ஒரு குறுவாள் செய்தார். கத்தி இப்போது வாஷிங்டனில். பாதுஷா இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுவது இங்கேதான்.

ஐரோப்பியப் படிப்பாளிகளோ, வானத்திலிருந்து கல் விழுகிறது என்பதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இவை விண்வெளியிலிருந்து வருபவை என்று புத்தகம் எழுதிக் கேலியை வாங்கிக்கட்டிக்கொண்டார். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரில் ஏறக்குறைய 3000 கற்கள் கொட்டின. அரசு அனுப்பிய இளம் விஞ்ஞானி பியோ, ஊர் ஊராகப் போய் விசாரித்தார். ஒருவரையொருவர் அறியாதவர்களும் ஒரே கதையைச் சொன்னார்கள். அந்த வட்டாரத்துச் சுரங்கம், உலை எதிலும் இப்படிக் கல் இல்லை. அதோடு சிரிப்பு அடங்கியது.

அதே 1803இல் ஜஹாங்கீரின் குறிப்பும் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஆங்கிலத்தில் வந்தது. 1814இல் லண்டன் இயற்கையியலாளர் சவர்பி, நன்னம்பிக்கை முனையில் கிடைத்த விண்ணிரும்பில் வாள் அடித்து ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தருக்குப் பரிசளித்தார். பாதுஷாவுக்கு லேட்டாக ஒரு போட்டி!

கிராஃபைட்டுக்கு இருப்பதுபோல 'ஐட்' வாலை ஒட்டி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மீட்டியரைட்' ஆக்கினார்கள். வானத்தில் கீறிவிட்டுப் போனால் மீட்டியர். தரையில் கைக்குச் சிக்கினால் மீட்டியரைட். பழைய பெயரை வானிலைக்காரர்கள் இன்னும் விடவில்லை.