வீதியும் விதியும்

இடப்புறமே செல்! இருட்டியதும் விளக்கேற்று! முந்துவதற்கு முன் மணியடி!

சைக்கிள் பழகும் சிறுவனுக்கு, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அண்ணன் சொல்லித்தரும் மூன்று கட்டளைகள் இவை. எவரும் இவற்றை எதிர்த்துப் பேசுவதில்லை. விளக்கு ஏன்? எதிரே வருபவனுக்கு நீ வருவது தெரிவதற்காக. மணி ஏன்? முன்னே நடப்பவன் திடுக்கிடாதிருப்பதற்காக. காரணத்தைக் கையோடு அழைத்துவரும் கட்டளைகள்! நம் நாட்டிலே வழங்கும் கட்டளைகளில் இந்தத் தகுதி பெற்றவை எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்களே மிஞ்சிவிடும்.

'விதி' என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள். ஒன்று தலைவிதி. எழுதியவனைக் கண்டவர் இல்லை. ஏன் எழுதினாய் என்று கேட்கலாகாது. அழித்தெழுத வழியில்லை என்பர். மற்றொன்று சாலைவிதி. எழுதியவன் மனிதன், எழுதிய ஆண்டு ஏட்டிலே இருக்கிறது, கேட்கலாம், திருத்தலாம், தேவையற்றதெனில் தூக்கியெறியலாம். ஆனால் இந்த இரண்டாவது விதியையும் முதல் விதியைப் போல ஆக்கிவிட முயன்றோர் எல்லா நாட்டிலும் இருந்தனர். "பாதுகாப்பு" என்று முகப்பில் எழுதி, "நீ வராதே" என்று உள்ளே எழுதினர். சைக்கிளின் வரலாற்றைப் புரட்டினால் அந்த இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்துக் காணலாம்.

1817-ஆம் ஆண்டு, சூன் 12. செர்மன் நாட்டு மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பார் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய மரவண்டி ஒன்றில் ஏறி, நகருக்கு வெளியே ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். குதிரை வேண்டாம், கொள்ளு வேண்டாம், லாயம் வேண்டாம். தன் காலே தனக்குக் குதிரை! சாலைகளோ கோச்சு வண்டிகளின் சக்கரம் உழுத சேற்றுக் குழிகள். ஆகவே, ஓட்டியவர்கள் சமமாயிருந்த நடைபாதையில் ஏறினர். நடப்போர்மீது மோதினர். அதே ஆண்டு டிசம்பரில், நடைபாதையில் இந்த வண்டி ஓட்டலாகாது என்று மான்ஹைமில் தடை பிறந்தது. 1819-இல் நியூயார்க் நகரமன்றமும் தடுத்தது. கல்கத்தா வரையிலே அந்தத் தடை பரவிற்று.

நடப்பவனைக் காப்பது முறைதான். அதை நாம் குறை கூறோம். ஆனால், நடைபாதை நடப்பவனுக்கு, சாலை குதிரை வைத்திருப்பவனுக்கு என்றால், குதிரை வாங்க வக்கற்றவன் ஏறிவந்த வண்டிக்கு இடம் எங்கே? அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. தடை மட்டும் தந்தனர். கல்கத்தாவைச் சொன்னோம். அதே நகரில் 2013-இல் போக்குவரத்து விரைவுக்காக என்று கூறி, 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது காவல்துறை. பால்காரரும் பத்திரிகை போடுபவரும் தச்சரும் கூலிக்காரரும் கிளர்ச்சி செய்த பின்னரே அந்தப் பட்டியல் சுருங்கிற்று. இரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கேள்வி, அதே ஊர்!

டிரைசைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் பிரபு குலத்தவர். 1849-இல் செர்மனியில் மக்களாட்சிப் புரட்சி மூண்டபோது, தம் பெயரோடு ஒட்டியிருந்த பிரபுப் பட்டத்தை அறுத்தெறிந்து, "குடிமகன் கார்ல் டிரைஸ்" என்று அறிவித்தார். புரட்சி தோற்றது. பிரஷ்யப் படை வென்றது. அவருக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை பறிபோயிற்று. 1851-இல் வறியவராக மாண்டார். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் பெயரின் வாலை வெட்டியெறிந்தவர்களைக் கண்ட நமக்கு, இந்தச் செர்மானியர் அந்நியரல்லர்.

பெடல் வந்தது, பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் வளர்ந்தது. 1870-களில் இங்கிலாந்தில் இளைஞர்கள் அதன்மேல் ஏறி ஊரூராகப் பறந்தனர். குதிரை மிரண்டது, குதிரையின் சொந்தக்காரர் அதைவிட மிரண்டார். 1878-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், சைக்கிளைக் கட்டுப்படுத்த உள்ளூர் விதிகளை இயற்றிக்கொள்ளுமாறு வட்டார அதிகாரிகளுக்கு உரிமை வழங்கிற்று. விளைவு? ஊருக்கு ஒரு விதி! காலையில் புறப்படும்போது குற்றமற்றவனாக இருந்தவன், எல்லைக்கல்லைத் தாண்டியதும் குற்றவாளி. உள்ளூர் நீதிபதி யார்? பெரும்பாலும் நிலக்கிழார், அதாவது, குதிரைக்காரர். விதி எழுதும் கையும் விசாரிக்கும் வாயும் ஒரே வகுப்பின் உறுப்புகள்.

அடுத்த ஆண்டே, 1879-இல், 'டெய்லர் எதிர் குட்வின்' என்ற வழக்கு வந்தது. ஒருவர் சைக்கிளை மூர்க்க வேகத்தில் ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. 1835-ஆம் ஆண்டின் சட்டம் 'வண்டி'யை அப்படி ஓட்டுவதைத்தான் தண்டித்தது. அந்தச் சட்டம் பிறந்தபோது சைக்கிள் ஏது? எனினும் நீதிமன்றம், சைக்கிளும் வண்டியே, ஆகவே தண்டனை செல்லும் என்றது. ஓட்டிகள் சோர்ந்துவிடவில்லை. "தண்டிக்கும்போது வண்டி என்றால், சாலையில் செல்லும்போதும் வண்டிதானே! வண்டிக்குரிய உரிமை எங்கே?" என்று கேட்கத் தொடங்கினர். தம்மைக் கட்டிய கயிற்றையே பிடித்து ஏறினர் எனலாம். சங்கங்கள் கண்டனர்; துண்டறிக்கை வெளியிட்டனர்; பாராளுமன்ற உறுப்பினர்களை விடாது துளைத்தனர்.

1888-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அதன் 85-ஆம் பிரிவு, சைக்கிளுக்கென உள்ளூர் அதிகாரிகள் தனிவிதி இயற்றும் உரிமையை அடியோடு நீக்கிற்று. சைக்கிள் வண்டியே என்று அறிவித்தது. பிறகு இரண்டே கடமைகளை வைத்தது. கதிரவன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல், எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும். வண்டியையோ, குதிரையையோ, சாலையில் நடப்பவரையோ முந்துமுன் மணியாலோ ஊதலாலோ வேறெதனாலோ போதிய எச்சரிக்கை தர வேண்டும். மீறினால் அபராதம் நாற்பது ஷில்லிங்குக்கு மேற்படாது. இடப்புறம் செல்லும் கடமை எல்லா வண்டிக்கும் முன்பே இருந்ததால், வண்டி என்ற பெயரோடு அதுவும் சேர்ந்து வந்தது. நாம் தொடக்கத்தில் கூறிய மூன்று கட்டளைகளும் இவ்வாறு ஓரிடத்தில் கூடின. நாடு முழுமைக்கும் ஒரே விதி. பிரபுவின் மகன் ஓட்டினாலும் கொல்லன் மகன் ஓட்டினாலும் ஒரே விளக்கு!

அமெரிக்காவிலே அந்த உரிமை வேறு வழியில் வந்தது. நியூயார்க் நடுப் பூங்காவில் சைக்கிளுக்குத் தடை. 1881-இல் மூவர் வேண்டுமென்றே நுழைந்து கைதாயினர். நீதிமன்றம் பூங்கா அதிகாரிகளின் பக்கமே நின்றது. அதற்கு முந்திய ஆண்டில் தோன்றியிருந்த அமெரிக்க சைக்கிள் ஓட்டிகள் கழகம் விடாது போராடி, 1887-இல் அந்த மாநிலத்தில் மற்ற வண்டிகளுக்குள்ள உரிமை சைக்கிளுக்கும் உண்டு என்ற சட்டத்தைப் பெற்றுத் தந்தது. பாராட்டலாம். பாராட்டி முடிப்பதற்குள் அடுத்த ஏடு நம் வாயை அடைத்துவிடுகிறது. 1894-இல் அதே கழகம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் விதியைத் திருத்திக்கொண்டது! சாலை எல்லோருக்கும் பொது என்று முழங்கிய வாய், சங்கம் எங்களுக்கு மட்டும் என்றது. 1899-இல் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் மான்ட்ரியால் நகரில் உலகப் பந்தயத்தையே வென்றார்; அப்போதும் அந்தக் கதவு திறக்கவில்லை. அந்த விலக்கை வெளிப்படையாகக் கைவிட 1999 வரை காலம் பிடித்தது. மேலே இருப்பவனிடம் சமத்துவம் கேட்டுவிட்டு, கீழே இருப்பவனுக்கு அதை மறுக்கும் மனப்பான்மையை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால்தான் தேட வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளின் கீழேயே அது குந்தியிருக்கிறது.

பெண் ஏறியபோது என்ன நடந்தது? 1897 மே 21-இல், கேம்பிரிட்ஜில் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்ற வாக்கெடுப்பு. சைக்கிள்மீது அமர்ந்த பெண்ணின் உருவ பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு ஆண் மாணவர்கள் ஆர்ப்பரித்தனர். ஆதரவு 661, எதிர்ப்பு 1,707! படிக்கும் பெண்ணை இழிவுபடுத்த அவர்களுக்குக் கிடைத்த சின்னம் சைக்கிள். கேம்பிரிட்ஜ் பெண்கள் முழுப் பட்டம் பெற 1948 ஆயிற்று. நம் புதுக்கோட்டையிலே, 1991-க்குப் பின் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் பல்லாயிரவராக ஏறினர். கேலிப் பேச்சு அங்கும் எழுந்தது. அவர்கள் இறங்கவில்லை.

தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் விளக்கில்லையேல் அபராதம். 'டபுள்ஸ்' போனால் அபராதம். நகராட்சிக்கு வரி கட்டித் தகர வில்லை பொருத்தாவிடினும் அபராதம். விளக்கின்றி வருபவன் போலீசுக்காரரைத் தொலைவிலே கண்டதும் குதித்திறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பான். நடந்தால் குற்றமில்லையே!

அவனைப் போலவே இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்த மற்றொருவனும் உண்டு. அவன் வண்டியில் விளக்கு எரிந்தது. மணி ஒலித்தது. வில்லை இருந்தது. இடப்புறந்தான் வந்தான். பட்டப்பகலிலும் இறங்கினான். ஏன்? அது மேல்சாதியார் தெரு! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, வண்டியைத் தள்ளிச் சென்று, தெரு முடிந்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். எந்த அரசிதழில் வெளிவந்தது இந்த விதி? எந்த மன்றம் நிறைவேற்றியது? எழுத்தில் இல்லை, ஆனால், எழுதிய விதிகள் அனைத்தையும்விட ஒழுங்காக நிறைவேற்றப்பட்டது. வைக்கத்திலே 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. பெரியார் சிறை புகுந்தார். 1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளைச் சுமத்தினர். சட்டை அணியாதே, பொன் நகை பூணாதே, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே! குடைக்கே தடை என்றால், சைக்கிளை எப்படிப் பொறுப்பார்கள்? இருக்கையில் அமர்ந்தவனின் தலை, திண்ணையில் அமர்ந்தவனின் தலையைவிட உயர்ந்துவிடுகிறதே! கேட்டால், "ஊர் அமைதிக்காக" என்பர். அதுவும் ஒரு பாதுகாப்பு விதியாம்!

1950-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கிணறும் குளமும் சாலையும் எவருக்கும் சாதியின் பேரால் மறுக்கப்படலாகாது என்றது. தள்ளிக்கொண்டு நடந்தவனின் கால்கள் அதற்குப் பின்னும் பல ஊர்களில் தள்ளிக்கொண்டே நடந்தன. 'சாலை' என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பது சட்டம் இயற்றியோருக்கே இறுதியில் விளங்கிற்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தியபோது, பெயர் சொல்லியே எழுதினர்: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் செல்வதைத் தடுப்பது குற்றம்.

சைக்கிள் ஒரு வண்டி என்று ஆங்கிலச் சட்டம் ஒப்புக்கொண்டது 1888-இல். அதை ஓட்டிச் செல்பவனைத் தெருவில் இறக்கலாகாது என்று நம் சட்டம் எழுத்தால் எழுதியது, அதற்கு 127 ஆண்டுகள் கழித்து. அந்தத் திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. இறங்கச் சொல்பவருக்கு அதன்படி தண்டனை நாற்பது ஷில்லிங் அன்று. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அதோடு அபராதம்.