யானைக்கால் நோய்: புழுவை அதன் உள்ளிருந்தே வீழ்த்தும் ஆன்டிபயாடிக்

வீங்கிய காலைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டு கிளினிக் பக்கமே போகாதவர்கள் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் இன்றும் உண்டு. ‘வந்தால் போகாது’ என்ற எண்ணமும் வெட்கமுமே அதற்குக் காரணம். ஆனால், பல காலமாகப் புழக்கத்தில் உள்ள டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக், யானைக்கால் நோய்ப் புழுக்களைக் கொல்ல உதவும் என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

நம் நாட்டுப் புழு

தமிழ்நாட்டில் இந்நோய்க்குப் பெரும்பாலும் வுச்சரேரியா என்னும் புழுவே காரணம். சாக்கடை நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. மலேசியாவில் முக்கியமாகக் காணப்படுவது புருகியா மலாயி. அதன் பெயரிலேயே மலாயா இருக்கிறது. அதைப் பரப்பும் மான்சோனியா கொசு, நீர்ச்செடிகள் மண்டிய சதுப்பு நிலங்களிலும் குளங்களிலும் வளரும். பூனைகளின் உடலிலும் காட்டுக் குரங்குகளின் உடலிலும் இப்புழு வாழக்கூடியது. எனவே மனிதர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்து இதை அடியோடு ஒழிப்பது எளிதல்ல.

வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழ்ந்து, நுண்ணிய குஞ்சுப் புழுக்களை இரத்தத்தில் விடுகின்றன. குழாய்கள் பழுதடைந்து நிணநீர் தேங்கும்போது கால் வீங்குகிறது. புருகியாவால் வரும் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

நம் நாட்டில் 2004 முதல், நோய் உள்ள பகுதிகளில் டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் ஆண்டுக்கு ஒரு முறை வழங்கப்பட்டன. இவை இரத்தத்திலுள்ள குஞ்சுப் புழுக்களை நீக்கும். ஆனால் வளர்ந்த புழுக்கள் பல தப்பிவிடும்.

இப்புழுக்களின் உடலுக்குள் வொல்பாக்கியா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அது இல்லாமல் புழுவால் இனம் பெருக்கவும் முடியாது, நெடுநாள் வாழவும் முடியாது. டாக்சிசைக்ளின் அந்தப் பாக்டீரியாவை அழிக்கிறது. முதலில் பெண் புழு மலடாகிறது. பிறகு ஓராண்டு அல்லது அதற்கு மேலான காலத்தில் வளர்ந்த புழுக்கள் மெல்ல மடிகின்றன.

தான்சானியாவில் 8 வாரம் இம்மருந்து உட்கொண்டவர்கள் பற்றிய ஆய்வு 2005இல் வெளியானது. 14 மாதங்களுக்குப் பின் அவர்களில் பெரும்பாலோரிடம் உயிருள்ள புழுக்கூட்டம் காணப்படவில்லை. நம் நாட்டில் உள்ள அதே புருகியா மலாயி புழு தொற்றியவர்களுக்கு இந்தோனேசியாவில் 6 வாரம் இம்மருந்து கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் குஞ்சுப் புழுக்கள் குறைந்ததோடு, பின்னர் டி.இ.சி. கொடுத்தபோது ஏற்படும் பக்கவிளைவுகளும் குறைந்தன என்று 2008இல் தெரிவிக்கப்பட்டது.

கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. 4 முதல் 6 வாரம் தினமும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. அதனால்தான் ஊர் முழுவதற்கும் கொடுக்கும் மருந்தாக இது ஆகவில்லை.

மருந்தை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே படுக்கக் கூடாது. பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப்புண் மருந்து ஆகியவற்றைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால், செம்பனைக் குலை வெட்டுவோர் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிவது நல்லது. பாதியில் நிறுத்தவும் கூடாது.

வீங்கிய காலுக்கு என்ன வழி?

புழு இறந்தாலும் நெடுநாள் வீக்கம் முழுதாக வடியாது. கானா நாட்டில் சிலருக்கு டாக்சிசைக்ளினால் வீக்கம் குறைந்தது. ஆனால் எல்லா ஆய்வுகளிலும் அதே பலன் கிடைக்கவில்லை. உறுதியாகப் பலன் தருவது அன்றாடப் பராமரிப்பு. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். சேற்றுப்புண், வெட்டுக்காயத்துக்கு உடனே மருந்திட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். காய்ச்சலோடு கால் சிவந்து வலிப்பது ஒவ்வொரு முறையும் வீக்கத்தை மேலும் பெருக்கும். அதைத் தடுப்பதே முக்கியம்.

அடிக்கடி காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டு, காலில் சிவந்த கோடு, குறையாத வீக்கம் ஆகியவை இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குஞ்சுப் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் வரும் என்பதால், இரவில் இரத்தம் எடுக்க நேரிடலாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘புருகியா ரேப்பிட்’ சோதனையைப் பகலிலும் செய்யலாம். வீட்டில் யாராவது காலை மறைத்துக்கொண்டிருந்தால், வீக்கம் முற்றுவதற்கு முன்பே அழைத்துச் செல்லுங்கள்.