கெட்டிச் சாயத்தின் வரலாறு

ஓர் ஆடையின் தரத்தை அறிய வேண்டின், கடையில் விரித்துக் காட்டும்பொழுது பார்த்தல் போதாது. முதன்முறை நீரில் நனைத்த பின்னரே அதன் மெய்த்தன்மை விளங்கும். புதுச்சேலையின் சிவப்பு உடன் ஊறிய வேட்டியிற் பரவி நிற்பதைக் கண்டு வருந்தாத இல்லம் நம்முள் ஒன்றேனும் உண்டோ? நெசவையும் சாயத்தையும் தொழிலாகக் கொண்ட குடும்பங்களிற் பிறந்த நாம் இதனை வெறும் வீட்டுத் தொல்லையென்று விட்டுவிடலாகாது. துவைக்கத் துவைக்க மங்காத சாயமே சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஒரு காலத்தில் உலகப் புகழை ஈட்டித் தந்தது.

அக்காலத்துச் சிவப்புக்கு மூலம் சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் அச்சிறு செடி கடற்கரை மணலில் வளர்வது. அதன் மெல்லிய வேரில் செந்நிறப் பொருள் அடங்கியுள்ளது. ஆயினும் வேரை மட்டும் காய்ச்சித் துணியைத் தோய்த்தால் அந்நிறம் நிலையாது. நிலைபேற்றின் இரகசியம் தோய்ப்பதற்கு முன்னர்ச் செய்யும் வேலையிலேயே இருந்தது. துணியை முதலிற் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றும். பாலின் கொழுப்பு, மேலே தீட்டும் நீர் கோடு கடந்து பரவாமல் தடுக்கும். பின்பு, சிவக்க வேண்டிய இடங்களிற் படிகார நீரைத் தீட்டி, அதன் பின்னரே வேர்ச்சாயத்திற் காய்ச்சுவர். படிகாரம் நூலையும் சாயத்தையும் ஒருங்கே பற்றி, நீரிற் கரையாத சேர்க்கையாக்கிவிடும். படிகாரம் படாத இடத்து ஏறிய நிறம், சாணநீரில் ஊறவைத்து வெயிலில் வெளுக்கும்பொழுது நீங்கிவிடும்.

இவ்வித்தையைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர்; அஞ்சவும் செய்தனர். தம் நாட்டு நெசவு நலியுமென்று கருதிப் பிரான்சு 1686 முதல் 1759 வரை அச்சுத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றிற்று. இதற்கிடையே, கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இச்செய்முறையை இங்குக் கேட்டறிந்து, 1742, 1747 ஆம் ஆண்டுகளிற் கடிதங்களாக எழுதித் தம் நாட்டிற்கு அனுப்பினார்.

1868 ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் அலிசரின் என்னும் செந்நிறப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். சாயவேரிலுள்ள பொருளும் அதுவே. ஆதலின் படிகாரத்தோடு சேருமாயின் அதுவும் கெட்டிச் சாயமே. கேடு வேறொரு வழியாக வந்தது. 1884 இல் தோன்றிய காங்கோ சிவப்பும் அதன் இனத்துச் சாயங்களும் கடுக்காயும் படிகாரமும் வேண்டாமலே பருத்தியில் நேரே ஏறின. ஏறுதல் எளிதானவாறே இறங்குதலும் எளிதாயிற்று. 1960-களில், சாயம் கசியும் சென்னைக் கட்டம்போட்ட துணியை, அக்கசிவையே சிறப்பென்று விளம்பரஞ் செய்து அமெரிக்காவில் விற்றதும் உண்டு. குறையை விற்பது வியாபாரியின் சாமர்த்தியம். குறை நேராமற் செய்வதே தொழிலாளியின் மானம்.

1956 இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் நூலோடு இரசாயன முறையிற் பிணைவன. ஆயினும் பிணையாது எஞ்சிய சாயத்தைச் சூடான சோப்பு நீரில் நன்கு அலசிப் போக்காவிடின், அது வாங்கியவர் வீட்டு வாளியிலே வந்து இறங்கும்.

இல்லத்தார் அறிய வேண்டுவனவும் சில உள. புதுத்துணியின் ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க. நிறம் ஒட்டுமாயின் தனியே துவைக்க. குளிர்ந்த நீரே நன்று; நெடுநேரம் ஊறவிடலாகாது. உட்புறம் வெளியே வரத் திருப்பி நிழலில் உலர்த்துக. துவைக்கும் நீரில் உப்பிடுவதால் மட்டும் சாயம் கட்டிவிடாது. உப்பு, சாயம் ஏற்றுங்காலத்தில் அது நூலிற் சேரத் துணைசெய்வதேயாம்.

சாயம் கடைசியில் வருவது. அதனை நிறுத்தும் உழைப்பு முன்னரே செய்யப்படுவது. விரைவை விரும்பி அவ்வுழைப்பைக் குறைத்தோமாயின், முதல் துவைப்பிலேயே துணியின் நிறத்தோடு நம் பெயரும் கரைந்துபோகும். தொழிலில் நிற்கும் நம் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.