திரும்பி வந்த யானைகள்: சித்தூர் எல்லைக் காடுகளும் யானை ஆய்வின் வளர்ச்சியும்

திருத்தணி முருகன் கோயிலில் யானை வாகனம் சுவாமியைப் பார்த்து நிற்பதில்லை. கிழக்கு நோக்கி நிற்கிறது. இந்திரனின் மகள் தெய்வயானைக்குச் சீதனமாக ஐராவதம் வந்த பிறகு தேவலோகத்தின் செல்வம் குறைந்ததாம்; அதன் பார்வையாவது தன் திசையில் இருக்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்டானாம். கதையில் யானை இருந்தது, காட்டில் இல்லை. 1960 வரை திருத்தணி சேர்ந்திருந்த, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காட்டு யானைகள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. 1980களில் அவை திரும்பி வந்தன.

அதற்குள் யானை ஆய்வு ஆப்பிரிக்காவில் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. 1965-இல் இயன் டக்ளஸ்-ஹாமில்டன் தான்சானியாவின் மன்யாரா ஏரிப் பகுதியில், காதுக் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் வைத்து யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார். 1972-இல் சிந்தியா மாஸ் கென்யாவின் அம்போசெலியில் தொடங்கிய ஆய்வு பல தலைமுறை யானைகளைக் கண்டுவிட்டது. திறந்த புல்வெளியில் சிறு விமானத்தில் பறந்தே தலையெண்ண முடிந்தது.

நம் காடுகளில் அது நடக்காது. மூங்கிலும் முட்புதரும் மூடிய இடத்தில் யானையைவிட இலத்தியே எளிதில் கண்ணில் படும். அதனால் இலத்தியை எண்ணினார்கள். ஒரு யானை நாளுக்கு எத்தனை முறை இலத்தி போடுகிறது, அது மட்கிப்போக எத்தனை நாளாகிறது என்ற இரண்டும் தெரிந்தால் கணக்கு வந்துவிடும். மழைக்கும் வெயிலுக்கும் மட்கும் வேகம் மாறுவதுதான் தலைவலி. மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் பயன்பட்ட இந்த முறையை, நேரில் எண்ணும் முறையோடு ஒப்பிட்டு முதுமலையில் சோதித்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது.

ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து கடன் வாங்க முடியாத கேள்வி ஒன்று இங்கே இருந்தது: வயல். 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் ஆய்ந்த ராமன் சுகுமார், பெண் யானைக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண் யானைகளே பயிருக்குள் அதிகம் புகுவதைக் காட்டினார். கேழ்வரகிலும் நெல்லிலும் காட்டுப் புல்லைவிடப் புரதமும் சோடியமும் கூடுதல். ஆளுக்குப் பயந்தாலும் லாபம் பெரிது. ஆண் யானை துணிகிறது. 1989-இல் அவருடைய நூல் வந்தது. 1992-இல் மத்திய அரசு யானைத் திட்டத்தைத் தொடங்கியது.

சித்தூர் இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கியது. ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகள் நலிந்ததாலும் வறட்சியாலும் இடம்பெயர்ந்த யானைகளுக்காக 1990-இல் அங்கே கவுண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 358 சதுர கிலோமீட்டர் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். உண்மையில் அது ஊர்களுக்கு இடையே நீண்டு குறுகிய வறண்ட முட்காடு. சில யானைகள் வடக்கே திருப்பதி மலைக்காடுகளுக்கும் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்கள் இந்தக் குடியேற்றத்தை 2010-இல் பதிவு செய்தார்கள். யானை தான் இழந்த நிலத்தைத் தானே மீட்டதை ஆராய்வது அரிய வாய்ப்பு. ஆனால் அந்த நிலம் அதைத் தாங்குமா என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

அகழியும் சூரிய மின்வேலியும் யானையைத் தள்ளிவிடுமே தவிர அதன் பசியைக் குறைக்காது. எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள குடியாத்தம், பேரணாம்பட்டு உழவர்களுக்கு இது தெரிந்ததுதான். நிலம் எத்தனை யானைகளைத் தாங்கும் என்பதை முதலில் அறிய, தமிழ்நாட்டு வனத்துறையும் ஆந்திர வனத்துறையும் எல்லைக் காடுகளின் யானைகளை ஒரே கூட்டமாகக் கொண்டு, ஒரே நாளில், ஒரே முறையில் கணக்கெடுத்துத் தரவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.