குழந்தைச் செவிலியம்: கரிசல் வட்டாரம்

குழந்தைச் செவிலியம் என்பது பச்சிளங்குழந்தை முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை நோய்க்காலப் பராமரிப்பு, தடுப்பூசி, ஊட்டம், விபத்துத் தடுப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் துறை. பிள்ளையைப் பார்ப்பது அதில் பாதி வேலை, பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மீதி வேலை. கோவில்பட்டிக்கு மேற்கே இளையரசனேந்தல், குருவிகுளம், சங்கரன்கோவில் என்று விரியும் கரிசல் பூமியை முன்வைத்து, அந்த மீதி வேலை தமிழ்நாட்டில் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. இளையரசனேந்தல் முன்பு திருநெல்வேலி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டி வட்டத்தில் இருக்கிறது. மானாவாரி விவசாயமும் தீப்பெட்டித் தொழிலும் சோறு போடும் ஊர்கள் இவை. விடிந்ததும் தாய் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இந்த நிலைமையைக் கணக்கில் எடுக்காத அறிவுரை எதுவும் இங்கே எடுபடாது.

மருத்துவச்சி காலம்

பிள்ளைப்பேறு வீட்டிலேயே நடந்த காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் மருத்துவச்சிதான் துணை. குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, வசம்பு சுட்டு உரைப்பது, பாலாடையால் பால் புகட்டுவது எல்லாம் அவர் கைப்பழக்கம். அந்தக் கைகளின் பரிவைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சுத்தம் செய்யாத அரிவாளோ பிளேடோ தொப்புள்கொடியில் பட்டதால் ரணஜன்னி கண்டு இறந்த குழந்தைகள் ஏராளம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதும் அன்றைய வழக்கம். கழுதைப்பாலைக் கூவி விற்பவர்கள் இன்றைக்கும் தெருவுக்கு வருகிறார்கள். நோய் எதிர்ப்புச் சத்து செறிந்த சீம்பாலை விட்டுவிட்டுக் கழுதைப்பாலை நாடுவது குழந்தைக்குக் கேடு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நச்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

அந்தக் காலத்துப் பொருள்களில் பாலாடை ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். நுனி குவிந்த அந்தச் சிறு கிண்ணம் இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதே பெயரோடு வழங்குகிறது. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத எடை குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சியெடுத்துச் செவிலியர்கள் இதால்தான் புகட்டுகிறார்கள். பால்புட்டியைப் போல இடுக்குகளில் அழுக்குத் தங்காது, வெந்நீரில் கொதிக்கவைப்பதும் எளிது. மருத்துவமனை பாட்டியிடமிருந்து கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

பயிற்சியின் தொடக்கம்

சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. 1854இல் சென்னையில் மகப்பேற்றுத் தாதியர் பயிற்சி ஏற்பட்டது. குழந்தைகளுக்கென்றே லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையை 1852இல் நிறுவிய சார்லஸ் வெஸ்ட், நோயுற்ற குழந்தைகளைப் பராமரிப்பது பற்றிச் செவிலியர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டதும் இதே 1854இல்தான். வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி உருவாகி, 1946இல் பட்டப்படிப்பாக உயர்ந்தது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் எழும்பூரில் டாக்டர் எஸ். டி. ஆச்சார் குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தெடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய பாடநூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நம் வார்டுகள் ஐரோப்பிய வார்டுகளிலிருந்து தொடக்கத்திலேயே விலகி நின்றன. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் வாரம் சில மணி நேரம் பார்க்க மட்டுமே அனுமதித்த மருத்துவமனைகள் உண்டு. தாயைப் பிரிந்த குழந்தை படும் பாட்டை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் படமெடுத்துக் காட்டினார். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959இல் பிளாட் குழு அறிக்கை வந்த பிறகே கதவு மெல்லத் திறந்தது. நம்மூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் தாயைப் பிரித்து வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கட்டிலில் பிள்ளையோடு தாய் படுத்திருப்பாள், கட்டிலடியில் பாய் விரித்துப் பாட்டி இருப்பாள். ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த ஏற்பாடுதான் என்றாலும், பலன் பெரிது. துணி நனைத்துத் துடைப்பதும் சொட்டு மருந்து கொடுப்பதும் வார்டிலேயே தாய்க்குப் பழகிவிடும்.

ஊருக்கு வந்த செவிலியர்

நகரத்து மருத்துவமனையை எட்ட முடியாத கிராமங்களுக்கு நலவாழ்வை எடுத்துச்செல்ல வேண்டும் என்று 1946இல் போர் (Bhore) குழு வலியுறுத்தியது. 1973இல் கர்த்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளர் திட்டத்தைப் பரிந்துரைத்தது. சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவு நிலைபெற்றது. தமிழ்நாட்டில் அதன் பொறுப்பாளர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவரை 'நர்சம்மா' என்பார்கள். கர்ப்பிணியைப் பதிவு செய்வதிலிருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது வரை அவர் நோட்டில் இல்லாத வீடு இல்லை.

1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துமாவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். குழந்தை நோஞ்சான் ஆன பிறகு விழித்துக்கொள்ளாமல், எடை ஏறுவது நின்ற மாதமே விழித்துக்கொள்ளத் தாய்க்குக் கற்பித்த திட்டம் இது. வளர்ச்சி அட்டையின் கோட்டில் புள்ளி வைத்து, "போன மாசம் இங்க இருந்துச்சு, இந்த மாசமும் இங்கயே நிக்குது பாருங்க" என்று காட்டியபோது எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது புரிந்தது. 1982இல் சத்துணவுத் திட்டமும், 1985இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2004இல். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சொட்டு மருந்தோடு நடந்த பெண்களின் கால்களுக்கு அந்தச் சான்றிதழில் பெரும்பங்கு உண்டு.

துயரமும் நடந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்தனர். அதையடுத்துத் தடுப்பூசி போடும் பணி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வதை அலட்சியம் செய்யலாகாது. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், பக்கத்தில் மருந்தும் இருக்கும்.

வீட்டு விபத்துகளும் அறிவுரையும்

ஊர்ச்சூழலுக்கு ஏற்ப ஆபத்தும் மாறும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே நிலக்கடலைதான் சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் மருத்துவர்கள் மிக அடிக்கடி காணும் அந்நியப் பொருள்களில் ஒன்று. கடைவாய்ப்பல் முளைக்காத பிள்ளையால் கடலையை அரைக்க முடியாது, சிரித்தாலோ அழுதாலோ அது புரையேறிவிடும். நாலு வயது வரை முழுக்கடலை கூடாது, பொடித்துக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடைத்துக்கொண்டு, அழவோ இருமவோ முடியாமல் போனால், முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரு விரலால் 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இதையே திருப்பிச் செய்ய வேண்டும், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இந்த முதலுதவி படித்து வருவதில்லை. துணிப் பொம்மையை வைத்துச் செவிலியர் ஒருமுறை செய்துகாட்டி, தாயையும் செய்யவைத்தால்தான் கைக்கு வரும்.

தண்ணீர் இல்லாத சீமையில் ஆழ்துளைக் கிணறுகள் அதிகம். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் குழிக்குள் விழுந்த 3 வயதுச் சிறுவனை, மதுரை மணிகண்டன் வடிவமைத்த கருவியைக் கொண்டு உயிரோடு மீட்டார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த 2 வயதுக் குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே உத்தரவிட்டிருந்தது. சாக்கையும் தகரத்தையும் போட்டு மூடுவது மூடியதாகாது. வீட்டுக்குள் இதற்கு ஈடான ஆபத்து, பிடித்துவைத்த வாளித் தண்ணீர். எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரையடித் தண்ணீரே போதும். சேலைத் தொட்டிலைச் சுற்றி முறுக்கிப் பெரிய பிள்ளைகள் விளையாடுவதும் கழுத்தை இறுக்கிவிடும். ஆளில்லாத நேரத்தில் தொட்டில் துணியை மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைப்பது தவறு. மண்ணெண்ணெய் வயிற்றைவிட நுரையீரலில் இறங்கும்போதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கைகால் சில்லிட்டால் மந்திரிக்க நேரமில்லை. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் பவாஸ்கர் பயன்படுத்திக் காட்டிய பிரசோசின் மாத்திரை உயிர் காக்கும்.

இருமல் மருந்து தனி வரலாறு. 1972இல் சென்னையில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தனர். அதே நஞ்சு 2025இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து வழியாக மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளைக் கொன்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல் மருந்து கூடாது என்று அப்போது மத்திய அரசு அறிவுறுத்தியது. சளியைவிட மூச்சைக் கவனிப்பதே முக்கியம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்கினாலும், பால் குடிப்பதை நிறுத்தினாலும் உடனே மருத்துவமனை போக வேண்டும்.

பேதிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்கதேச அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலாநபிஸ் அதன் வலிமையை நிரூபித்தார். ஒரு லிட்டருக்கான கரைசல் தூள் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்குவது ஆபத்து, உப்பு கூடிவிடும். முழுப் பாக்கெட்டை அளந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இன்றைய நிலை

2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 1,000 பிறப்புக்கு 13 சிசு மரணம், இந்திய அளவில் 28. பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வந்து பார்க்கும் முறையும் இப்போது உண்டு. கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி தந்து செய்துகாட்டியதை ஒட்டி, 2011இல் நாடெங்கும் வகுக்கப்பட்டது அது.

எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. சின்னத் தீப்பெட்டி ஆபீஸும் களையெடுக்கும் காடும் அதற்குள் வராது. அங்கன்வாடியில் பிள்ளையை விடலாம் என்றால் இரண்டு வயதாக வேண்டும். அதுவரை, தவழ்ந்து, எதையும் எடுத்து வாயில் போடும் வயதில், குழந்தை பாட்டி கையிலோ அக்கா இடுப்பிலோ இருக்கிறது. தடுப்பூசி நாளன்று தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரை இவர்கள் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. வீட்டுக்கு வரும் செவிலியர் பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்து, வாளியையும் தொட்டிலையும் அடுப்படியையும் அவரோடு சுற்றிப் பார்த்துப் பேசுவதற்குப் பணிநேரம் ஒதுக்கப்பட வேண்டும்.