சொல்லாமல் விடப்பட்ட கட்டளைகள்: பிரிட்டனில் ஆட்டிசப் பணியாளரும் மேலாளரும்

ஆட்டிசம் என்னும் நிலையைத் தனித்து அடையாளம் காட்டியது, பால்டிமோர் நகரக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி 1943ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை என்பது பலரும் அறிந்த செய்தி. அக்குழந்தைகள் பெரியவர்களான பின் என்ன ஆனார்கள் என்று தேடி அவரே 1971ஆம் ஆண்டு எழுதிய தொடர்ச்சிக் கட்டுரை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பெரிய அரசு மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் இருந்த திறன்களையும் இழந்திருக்க, ஒருவர் வங்கியில் பணிபுரிந்துகொண்டிருந்தார், மற்றொருவர் அரசு அலுவலகமொன்றில் படியெடுக்கும் இயந்திரங்களை இயக்கிக்கொண்டிருந்தார். இரண்டாமவர் எந்த அளவுகோலின்படியும் சிறந்த பணியாளர் என்று அவருடைய அலுவலகத் தலைமை எழுதிய கடிதத்தையும் கன்னர் அக்கட்டுரையில் சேர்த்திருந்தார். ஆட்டிசம் உள்ள ஒருவரின் பணி வாழ்க்கை அவருக்கு மேலே அமர்ந்திருப்பவரின் பார்வையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதற்கு மருத்துவ ஏடுகளில் கிடைக்கும் முற்பட்ட சான்றுகளுள் இக்கடிதமும் ஒன்று. அந்தச் சார்பைத் தனிமனிதரின் நல்லெண்ணத்திலிருந்து மீட்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவர நடந்த முயற்சியின் வரலாற்றைப் பிரிட்டனில் தெளிவாகக் காணலாம்.

ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் 1962ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய, பின்னர் தேசிய ஆட்டிசச் சங்கம் என்று அறியப்பட்ட சங்கம் முதலில் பள்ளிகளையே தன் கவலையாகக் கொண்டது. அச்சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான மனநல மருத்துவர் லோர்னா விங், வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் விவரித்திருந்த நிலையை 1981ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தபோது, நன்கு பேசவும் படித்துப் பட்டம் பெறவும் கூடியவர்களும் ஆட்டிச நிலையில் இருக்கலாம் என்ற தெளிவு பிறந்தது. இவர்களுள் பலருக்கு வேலையே கடினமாக இருந்ததில்லை. வேலை எவ்வாறு ஏவப்பட்டது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள் என்று மேலாளர் சொல்வதன் உட்பொருள் இன்று மாலைக்குள் முடியுங்கள் என்பதாக இருக்க, சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட பணியாளர் அலட்சியமானவர் என்று பெயர் வாங்கினார். முன்னறிவிப்பின்றி மாறும் பணித்திட்டமும் ஓயாத பேச்சொலியும் கூசும் விளக்கொளியும் அவரைத் தளர்த்தியபோது அத்தளர்ச்சி குணக்கேடாகப் பதிவானது.

தேசிய ஆட்டிசச் சங்கம் 1994ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய ப்ராஸ்பெக்ட்ஸ் என்னும் வேலைவாய்ப்புச் சேவை, பணியாளருடன் அலுவலகத்துக்கே சென்று துணைநிற்கும் ஆலோசகர்களை நியமித்தது. அவர்கள் பணியாளருக்கு அலுவலக வழக்கங்களை விளக்கியதோடு, கட்டளைகளைத் தெளிவாகவும் முழுமையாகவும் தருமாறு மேலாளருக்கும் கற்பித்தார்கள் என்பதே இதன் சிறப்பு. இச்சேவையைப் பெற்ற 30 பேரையும் பெறாத 20 பேரையும் ஒப்பிட்டு 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முதல் குழுவில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினரும் இரண்டாவது குழுவில் 25 விழுக்காட்டினரும் ஊதியம் பெறும் வேலையில் அமர்ந்திருந்தனர். சிறிய ஆய்வே என்றாலும், மேலாளரின் நடத்தை பயிற்சியால் மாறக்கூடியது என்ற நம்பிக்கைக்கு இது இடமளித்தது.

சட்டம் வேறொரு பாதையில் வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 'நியாயமான மாற்றம்' என்னும் கடமையை, அதாவது மாற்றுத்திறனாளியான பணியாளருக்கு இடையூறு தரும் விதியையோ வழக்கத்தையோ இடவமைப்பையோ இயன்ற அளவு மாற்றித் தரும் பொறுப்பை, முதலாளிமீது சுமத்தியது. 20 பேருக்குக் குறைவாகப் பணியமர்த்திய நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது, அது 2004ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீங்கியது. ஆயினும் ஆட்டிசப் பணியாளருக்குப் பெரிய தடையாக நின்றது அச்சட்டத்திலிருந்த ஒரு பட்டியல்: நடத்தல், தூக்குதல், பார்த்தல், கேட்டல், நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல் போன்ற திறன்களுள் ஒன்றேனும் பாதிக்கப்பட்டால்தான் ஒருவர் மாற்றுத்திறனாளி என்று கருதப்பட்டார். ஆஸ்பெர்கர் நிலை கொண்ட பொறியாளர் ஒருவர் தம் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், புரிந்துகொள்ளுதல் என்பது செய்தியையும் கட்டளையையும் அறிவதோடு நின்றுவிடுவதில்லை, சக மனிதரின் பழக்க வழக்கங்களையும் பேச்சின் மறைபொருளையும் உணர்வதும் அதில் அடங்கும் என்று வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2004ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. குறிப்பால் உணர்த்தும் மேலாளருக்கும் நேர்பொருள் கொள்ளும் பணியாளருக்கும் இடையே அன்றாடம் நிகழ்ந்துவந்த இடறல் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்ட தருணம் அது. இவ்வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை எனலாம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அப்பட்டியலையே நீக்கியது. (இந்தியாவிலும் 1995ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது, ஆனால் அதில் ஆட்டிசம் இடம்பெறவில்லை; 2016ஆம் ஆண்டின் சட்டமே அதைச் சேர்த்து, அரசு நிறுவனங்கள் தம் பணியாளருக்குத் தகுந்த வசதிகளைச் செய்து தரவேண்டும் என்று விதித்தது.)

தவறு ஒரு தரப்பில் மட்டும் இல்லை என்ற வாதமும் வலுப்பெற்றது. தாமும் ஆட்டிச நிலையில் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளத் திணறுவதைப் போலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்று காட்டி, இதை இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று குறிப்பிட்டார். பணியில் சேருமுன் நடக்கும் தேர்விலும் முதலாளியின் தரப்பு மாற வேண்டியிருக்கலாம் என்பதைச் சட்டமும் காட்டியது: அரசுச் சட்டப் பணிக்கு விண்ணப்பித்த ஆஸ்பெர்கர் நிலை கொண்ட ஒருவர், பல விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வுக்குப் பதிலாகச் சுருக்கமாக எழுதி விடையளிக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட வழக்கில், அம்மறுப்பு பாகுபாடே என்று 2017ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் உறுதியானது. இழப்பீடு 860 பவுண்டு மட்டுமே.

ஆட்டிசம் உள்ள வயதுவந்தோருள் பத்தில் மூவரே வேலையில் இருக்கிறார்கள் என்று 2024ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசுக்காக ராபர்ட் பக்லண்ட் தயாரித்த அறிக்கை தெரிவித்தது. இத்தனை சட்டத்துக்குப் பின்னும் நிலைமை இவ்வாறு இருப்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு: பணியாளரின் நிலை தெரிந்திருந்தாலோ தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலோ மட்டுமே மாற்றம் செய்து தரும் கடமை முதலாளிக்கு எழுகிறது. ஆகவே தம்மைக் கடிந்துகொள்ளும் மேலாளரிடமிருந்து காப்பு வேண்டும் பணியாளர், பல அலுவலகங்களில், தம் மருத்துவ நிலையை முதலில் அதே மேலாளரிடம்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.